இல்லாமல் போன கட்டி

ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றுவது, ரத்த அணுக்களை எண்ணுவது, ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் பெத்தாலஜி படிக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். போதாததற்கு இயந்திரங்களும் வந்துவிட்டன. அதனால் அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு நோயாளி பூரணமாகக் குணமாகி வந்து என் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் பயந்துபோன நாளைப் பற்றிச் சொல்கிறேன். நோய் முற்றி வருகிறவரைப் பார்த்துப் பயப்பட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இது வேறு மாதிரியான பயம்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பெத்தாலஜி டாக்டர். பெயர்தான் அப்படி. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு என்பதால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களையும் பார்ப்பேன். ஆஸ்பத்திரியை நடத்தி வந்தவர் ஒரு சர்ஜன். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். கத்தியைக் கையில் எடுத்தால் நடுங்காத மனிதர். எதையும் தொட்டுப் பார்த்து நம்புகிறவர்.

குருசாமிக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பேண்டேஜ் துணி நெய்யும் பவர்லூம் ஷெட்டில் பிட்டர் வேலை. முதல்முறை வந்தபோது கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டிகள் திரண்டு, தாடையும் தோளும் ஒன்றாகிவிட்டிருந்தன. சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை. வயிற்றிலும் கையை வைத்தால் கல் மாதிரி தட்டுப்பட்டது. சில வாரங்களில் வளர்ந்த கட்டி அது.

"தறிச் சத்தத்துல இருக்கும்போது ஒண்ணும் தெரியல டாக்டரம்மா. வீட்டுக்கு வந்து படுத்தாத்தான் தலையணைக்கும் கழுத்துக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு இருக்குத மாதிரி இருக்கு" என்றார்.

நான் கட்டியில் ஊசியை விட்டுச் செல்களை எடுத்து ஸ்லைடில் பரப்பிப் பார்த்தேன். திருவிழாக் கூட்டம் மாதிரி இருந்தது. கருத்த பெரிய உட்கருக்கள், திரும்பிய இடமெல்லாம் பிளந்து இரண்டாகிக்கொண்டிருந்த செல்கள். நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய், லிம்போமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லிம்போமாவில் பல வகை உண்டு, வகைக்கு ஒரு வைத்தியம். எந்த வகை என்று சொல்ல ஊசியில் வந்த செல்கள் போதாது, முழுக் கட்டி ஒன்றை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய டாக்டர் அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்.

குறித்த நாளில் குருசாமி வந்தார். மனைவி மாரித்தாயும் வந்திருந்தாள். அவள் கையில் பால்கோவாப் பெட்டி இருந்தது. குருசாமி சட்டையின் மேல் பட்டனைப் போட்டிருந்தார்.

கட்டியைக் காணவில்லை.

சிறுத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இல்லை. கழுத்து கழுத்தாக இருந்தது. வேறு ஆளை அனுப்பியிருக்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பெரிய டாக்டர் விரல்களால் இரண்டு பக்கமும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் எதை வெட்டுறது? நீங்க பாத்தது ஏதாவது கிருமிக் கட்டியா இருந்திருக்கும்மா. வடிஞ்சிருச்சு. நல்லதாப் போச்சு."

மாரித்தாய் பால்கோவாவை நீட்டினாள். "அம்புட்டும் கரைஞ்சிருச்சு டாக்டரம்மா. நேத்து ராத்திரி நல்லாச் சாப்புட்டாவ. இங்கன முடிச்சிட்டு நேரா கோயிலுக்குத்தான் போறோம்."

"என்ன மருந்து சாப்பிட்டார்?"

அவள் கணவனைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தது தெரிந்தது. குருசாமிதான் சொன்னார். "கான்சாபுரத்துல ஒருத்தர் பொடி கொடுக்காரு. கட்டி கரையுறதுக்கு. காலையில ரெண்டு சிட்டிகை, சாயங்காலம் ரெண்டு சிட்டிகை. மூணாவது நாளே கழுத்து இளக ஆரம்பிச்சிருச்சு."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ போன வாரம் ஸ்லைடில் நான் பார்த்த கூட்டம் கண்ணுக்குள் நின்றது. அத்தனை கோடிச் செல்கள். கழுத்தில் இல்லை, வயிற்றில் இல்லை. சீழாக வெளியே வரவும் இல்லை. அப்படியானால் எல்லாம் எங்கே?

இதை மட்டும் உங்களிடம் அழுத்திச் சொல்வேன். மருந்து வேலை செய்யாதபோது நாம் எல்லோரும் விழிப்பாகத்தான் இருப்போம். வேலை செய்துவிட்டால்தான் அசந்துவிடுவோம்.

குருசாமி பேசும்போது அடிக்கடி உதட்டைத் துடைத்துக்கொள்வதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன்.

"எறும்பு ஊருத மாதிரி இருக்கு. தொடச்சாப் போகமாட்டேங்கு."

"ஒண்ணுக்குச் சரியாப் போறீங்களா?"

யோசித்தார். "நேத்துலருந்து சரியாப் போகல. தண்ணி கம்மியாக் குடிச்சிருப்பேன்."

பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக் காற்றை ஏற்றி அப்படியே வைத்திருந்தேன். அவர் மாரித்தாயிடம் கோயிலுக்கு எந்தப் பஸ்ஸில் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை தானாக மடங்க ஆரம்பித்தது. மணிக்கட்டு வளைந்தது. விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் உள்ளே புகுந்தது. ஒரு பறவையின் அலகு மாதிரி ஆகிவிட்டது கை. குருசாமி பேச்சை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"கையி ஏன் அப்படிப் போகுது?" என்றாள் மாரித்தாய்.

ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் கை அப்படி மடங்கும். உடனே ஈசிஜி எடுக்கச் சொல்லிவிட்டு, அவருடைய அக்குளைத் தடவினேன். ஒரே ஒரு இடத்தில் பிசுபிசுத்த மாவு மாதிரி ஏதோ மிச்சம் இருந்தது. அதில் ஊசியை விட்டு எடுத்து, ஓடிப்போய்ச் சாயம் ஏற்றிப் பார்த்தேன்.

அந்த ஸ்லைடை நான் இன்றுவரை மறக்கவில்லை. கூட்டம் இருந்தது, ஆனால் ஒரு செல்கூட உயிரோடு இல்லை. ஒவ்வொன்றும் சுருங்கி, உட்கரு பாசிமணி சிதறியதுபோல உருண்டை உருண்டையாக உடைந்து கிடந்தது. செல்கள் சாகும் இடத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே ரகளை நடந்திருக்கும், சீழ் இருக்கும், சண்டைக்கு வந்த வெள்ளை அணுக்கள் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. யாரும் வந்து தாக்கவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு தங்களைத் தாங்களே மடித்து வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவ்வளவு ஒழுங்கான சாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நிணநீர்ச் செல்களுக்கு அப்படி உத்தரவு போடக்கூடியது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதைப் பார்த்து, அதைவிடப் பல மடங்கு வீரியமாகத் தொழிற்சாலையில் செய்த பொருள் டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு வகை. ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் நாமே கொடுக்கிறோம். அது இந்தச் செல்லுக்குள் போனால், செல் தன்னிடமே இருக்கும் சாவுக் கட்டளையை எடுத்துப் படிக்கிறது. வெளியிலிருந்து விஷம் எதுவும் தேவையில்லை. படித்துவிட்டு முடித்துக்கொள்கிறது.

செத்த செல்லின் உள்ளே இருந்ததெல்லாம் ரத்தத்துக்குத்தான் வர வேண்டும். பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம். அந்தப் பாஸ்பேட்தான் கால்சியத்தை இறக்கியிருந்தது. கொஞ்சம் செல்கள் என்றால் சிறுநீரகம் சமாளிக்கும். கழுத்தளவு கட்டியும் வயிறளவு கட்டியும் ஒரே வாரத்தில் வந்து கொட்டினால் சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும், பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். குருசாமியின் கட்டி எங்கும் போகவில்லை. அது அவருடைய ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஈசிஜி தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அலைகள் கூடார முனை மாதிரி ஊசியாக நிமிர்ந்து நின்றன. பொட்டாசியம் ஏறியதன் அடையாளம்.

நான் மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றதும் பெரிய டாக்டர் நம்பவில்லை. "கட்டி இருக்குன்னு மதுரைக்கு அனுப்பியிருக்கேன். கட்டி போயிருச்சுன்னு யாராவது அனுப்புவாங்களா?"

"சார், அவர் முதல்ல வந்தப்ப இருந்ததைவிட இப்பத்தான் சாவுக்குப் பக்கத்துல இருக்கார்."

அவர் எழுந்து வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு ஈசிஜியைப் பார்த்தார். "காரை எடுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பொட்டாசியத்திடமிருந்து இதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசி போட வேண்டும். ஆனால் பாஸ்பேட் நிறைந்த ரத்தத்தில் கால்சியத்தைக் கொட்டினால் இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தில் சுண்ணாம்பாகப் படியும். ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகம். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று கெடும். பொட்டாசியத்தை அளந்து பார்க்க அன்றைக்கு எங்கள் ஊரில் வசதி கிடையாது. என்னிடம் இருந்தது ஈசிஜி தாள் ஒன்றுதான். சிறுநீரகத்துக்கு மாற்றாக ஒரு இயந்திரமாவது உண்டு, இதயம் நின்றால் நின்றதுதான். அவ்வளவுதான் என் கணக்கு. கால்சியத்தை மெல்ல ஏற்றினேன். பொட்டாசியத்தை இறக்கக் குளுக்கோஸும் இன்சுலினும் ஓடவிட்டேன். மிச்ச மருந்தை எடுத்துக்கொண்டு நானும் காரில் ஏறினேன்.

மாரித்தாய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பால்கோவாப் பெட்டி இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடக்கும்போது கோபுரம் தெரிந்தது. அவள் கும்பிடவில்லை. பின்னால் திரும்பிக் கணவரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்து நல்லாத்தான இருக்கு டாக்டரம்மா" என்றாள். நான் நாடியைப் பிடித்தபடி இருந்தேன்.

கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது என் விரலுக்கடியில் நாடி ஒருமுறை நின்றது. வந்தது. மறுபடியும் நின்று, வெகுநேரம் கழித்து வந்தது போலிருந்தது. குருசாமி கண்ணைத் திறந்து, "காலு ரெண்டும் எங்கிட்ட இல்ல டாக்டரம்மா, யாரோ எடுத்துட்டுப் போயிட்டாவ" என்று நிதானமாகச் சொன்னார். பொட்டாசியம் ஏறினால் கால்கள் வலுவிழந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலில் கொஞ்சமும் பயமே இல்லை.

காரை ஓரங்கட்டச் சொன்னேன். உச்சி வெயில். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மண்ணில் முட்டி போட்டு, அவர் கை நரம்பில் கால்சியத்தை மறுபடி ஏற்றினேன். வேகமாகப் போட்டால் அதுவே இதயத்தை நிறுத்தும். என் கை அவசரப்பட்டது. நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன், கையை நிதானப்படுத்துவதற்காக. பக்கத்தில் ஒரு காலேஜ் பஸ் வந்து நின்றது. ஜன்னல் நிறைய முகங்கள். நான் எண்ணுவது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நாடி மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

மதுரையில் வயிற்றுக்குள் நீரை ஏற்றி இறக்கி ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பல நாள் சொட்டு மூத்திரம்கூட இல்லை. பிறகு ஒரு காலையில் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

அந்த இடைவெளியில் நான் கான்சாபுரத்துக்குப் போனேன். பொடி கொடுக்கிறவரைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கும் கோபத்தோடுதான் போனேன். வயல்களுக்கு நடுவே ஓட்டு வீடு. முற்றத்து வேப்பமரத்தடியில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே முகம்.

உருண்டையாக, சிவந்து, கன்னம் உப்பி, கண்கள் உள்ளே அமுங்கிய ஒரே முகம். வயதானவருக்கும் அதே முகம், கல்யாணமாகாத பெண்ணுக்கும் அதே முகம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். வெவ்வேறு சாதி, வெவ்வேறு ஊர், மூட்டுவலி, இளைப்பு, சொறி என்று வெவ்வேறு நோய். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். ஒரு முற்றம் நிறையப் பார்த்தது அன்றுதான்.

உள்ளேயிருந்து வந்தவருக்கும் அதே முகம். தோள்களுக்கு நடுவே சதை திரண்டிருந்தது. கைகளில் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. இளைப்பு நோய்க்காக அவரும் அதைத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

"என்ன பொடி இது?" என்று கேட்டேன்.

மறைக்கவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். குட்டிக் குட்டி வெள்ளை மாத்திரைகள், டெக்ஸாமெத்தசோன். அதை இடித்துச் சுக்குப் பொடியோடு கலந்து கொடுக்கிறார். "எனக்கு ஒரு டாக்டர் முன்ன எழுதிக் குடுத்தது தாயி. மூச்சு விட முடியாமக் கெடந்தவன் எந்திரிச்சு நடந்தேன். எனக்குக் கேட்டது நாலு பேருக்குக் கேக்கட்டுமேன்னு குடுத்தேன். எல்லாத்துக்கும் கேக்கு."

"குருசாமி சாகப் பார்த்தார்."

அவர் முகத்தில் அதிர்ச்சி தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அந்த முகத்தில் எதுவும் தெரியாது. டப்பாவை என்னிடம் நீட்டினார். "இந்தாங்க, எடுத்துட்டுப் போயிருங்க. இனி ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். நானும் தொட மாட்டேன்."

நான் வாங்கக் கை நீட்டிவிட்டேன். நீட்டிய கை அப்படியே நின்றது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்ததால் இவர்கள் ஒவ்வொருவருடைய சுரப்பியும் தன் வேலையை மறந்து தூங்கிப்போயிருக்கும். இன்றைக்கு டப்பாவை நான் எடுத்துக்கொண்டு போனால், வருகிற நாட்களில் ஒரு சாதாரணக் காய்ச்சலில்கூட இந்த முற்றத்தில் பாதிப் பேர் சுருண்டு விழுவார்கள். எதை ஒழிக்க வந்தேனோ அதை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

"வேண்டாம். வச்சுக்கோங்க" என்றேன். "புதுசா வர்ற யாருக்கும் ஒரு சிட்டிகை கொடுக்கக் கூடாது. இங்க இருக்கிற எல்லாரையும் நீங்களே கூட்டிக்கிட்டு ராஜபாளையம் வரணும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்தணும். திடீர்னு விட்டா உயிர் போயிரும்."

அந்த ஆட்களைப் பார்த்து அவர் சொன்னார்: "அவிய சொல்லுதாவ, கேட்டீயளா?" எல்லா முகங்களும் ஒன்றாக ஆடின.

பலர் வந்தார்கள். அவரே கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று வந்தவர்களை மீட்க. முகம் வடிய வடிய, ஒவ்வொருவராக அவரவர் முகத்துக்குத் திரும்பினார்கள். வராமல் போன சிலர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.

குருசாமியின் கதை அத்தோடு முடியவில்லை. அவர் உடம்பில் நோய் இருந்தது. ஆனால் அதைக் காட்டுவதற்கு ஒரு கட்டிகூட மிச்சமில்லை. எந்த வகை என்று தெரியாமல் கடுமையான மருந்துகளை, அதுவும் இப்போதுதான் தேறிவரும் சிறுநீரகத்தோடு, ஆரம்பிக்க முடியாது என்றார் மதுரைப் புற்றுநோய் டாக்டர். நியாயம்தான். கட்டி மறுபடி வந்தால் வெட்டி எடுத்துப் பார்க்கலாம், வரும்வரை காத்திருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஸ்டீராய்டு செய்கிற இன்னொரு கெடுதல் இது. கட்டியோடு சேர்த்துச் சாட்சியையும் அழித்துவிடும்.

நான் மாரித்தாய்க்கு எப்படித் தடவிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்தெலும்புக் குழியில். தினமும் காலையில் அவர் பல் துலக்கியதும் பார்க்க வேண்டும். கட்டி வர வேண்டும் என்று காத்திருந்த குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் ஒருமுறை என்னிடம் கேட்டாள்: "வரணும்னு வேண்டிக்கிடவா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கிடவா டாக்டரம்மா? சாமி முன்னால போயி நின்னா வாயி வரமாட்டேங்கு."

பிறகு ஒரு நாள் ஓ.பி. நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர், முகத்தில் சிரிப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. "வந்துருச்சு டாக்டரம்மா. இடது பக்கம். புளியங்கொட்டை தண்டி."

அவளுக்குப் பின்னால் குருசாமி சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் தொட்டேன். இருந்தது. ஒரு புற்றுநோய்க் கட்டியைத் தொட்டு என் விரல்கள் சந்தோஷப்பட்டன என்று சொன்னால் உங்களுக்கு எப்படியோ இருக்கும். பெரிய டாக்டர் அன்றே வெட்டி எடுத்தார். வகை தெரிந்தது. மதுரையில் இந்த முறை முன்கூட்டியே தண்ணீரை ஏற்றி, யூரிக் அமிலத்துக்கு மாத்திரை கொடுத்து, சிறுநீரகத்தைத் தயார்செய்துவிட்டுத்தான் மருந்தை ஆரம்பித்தார்கள். அதிலும் ஒரு ஸ்டீராய்டு இருந்தது. அதே குடும்பத்துப் பொருள், அதே உத்தரவு. கட்டி கரைந்தது. அவர் தாங்கினார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். குருசாமி கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார். ஷெட்டில் புதுத் தறிகள் வந்திருப்பதைப் பற்றி உற்சாகமாகச் சொன்னார். மாரித்தாய் கத்திரிக்காய் விலையைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவே அவளுடைய வலது கை எழுந்து அவர் கழுத்துக்குப் போனது. தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்தெலும்புக் குழியில், நிதானமாக அழுத்திப் பார்த்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவரும் பேச்சை நிறுத்தாமல், அந்தக் கைக்கு வசதியாகத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்து முடித்ததும் கை இறங்கி வந்து காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டது.

"செத்த நேரத்துல பஸ் வந்துரும். வாரோம் டாக்டரம்மா" என்றாள்.